தலைப்பாகையில் ஒரு வேப்பங்கொத்து

வேம்புதான். வண்டிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்த அந்த ஆளின் தலைப்பாகை மடிப்பில் செருகியிருந்தது வேப்பங்கொத்துதான். உண்ணாமலை கிழித்துக்கொண்டிருந்த பழைய வேட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். காயம்பட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப்போடத் துணி வேண்டும் என்று, சாமான் வண்டிகளோடு தங்கிவிட்ட சிப்பாய்ப் பெண்டாட்டிகளிடம் ஒரு பொதி பழந்துணியைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இவனைக் கொண்டுவந்தார்கள். இருள் பிரிகிற நேரத்தில் ஏரிக்கரை மறைவில் வேவு பார்க்க வந்த பிராஞ்சுக்காரர்களின் சிப்பாய். முழங்காலில் அடிபட்டிருந்தது. இரத்தம் காய்ந்து கறுத்து அதன்மேல் ஈ உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"என்னா அப்பிடிப் பாக்குற? அவனுக்குக் கொம்பா மொளச்சிருக்கு?" என்றான் மூக்கன். தண்ணீர்த் தோல்பைகளை மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கும் படைக்கும் நடையாய் நடக்கிறவன்.

"அவன் தலையில என்னாண்ணா அது?"

"அதுவா? அவங்க அடையாளம். நமக்குப் புளியங்கொத்து, அவங்களுக்கு வேப்பங்கொத்து. இல்லாட்டி எவன் எந்தக் கட்சின்னு சாமிக்கே தெரியாதே. இவனும் அரைக்கால் சல்லடம், நம்மாளும் அரைக்கால் சல்லடம். இவனுக்கு ஊரு ஆரணிக்குத் தெக்கால, நம்மாளுக்கு ஆரணிக்கு வடக்கால. புளி இல்லாத தலையக் கண்டா கேக்காம சுடுன்னு உத்தரவு."

கட்டிக் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். "எங்க உத்தரவும் அதேதான்," என்றான், யாரையும் பார்க்காமல். "வேம்பு இல்லாத தலையச் சுடு."

"பாத்தியா, வெள்ளக்காரனுங்க ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்டப் படிச்சவனுங்க!" என்று சிரித்துவிட்டு மூக்கன் மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

புளி இல்லாத தலை. அந்தத் தலையை அவளுக்குத் தெரியும். இடது காதுக்கு மேலே சிறு வயதில் கல்பட்ட தழும்பு, பின்கழுத்தில் இரட்டைச் சுழி, எண்ணெய் வைத்தால் அரைநாள் நிற்காத வறண்ட மயிர். அவள் புருஷன் தாண்டவராயனின் தலை. அந்தத் தலைக்கென்று கட்டி வைத்திருந்த பாகையிலிருந்து புளியங்கொத்தை உருவி எறிந்துவிட்டு வேப்பங்கொத்தைச் செருகியது அவளுடைய கைதான், இன்று விடியலில், இதோ இந்த வண்டிக்குப் பக்கத்தில். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பாகை நுகத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அவன் திரும்பாமலே கையை நீட்டினான், அவள் எடுத்துக் கொடுத்தாள், தலையில் அழுத்திக்கொண்டு போய்விட்டான். இருநூறு வெள்ளைப் பாகைகளுக்கு நடுவில் ஒன்றாகப் போய்விட்டான். பச்சைதானே, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதானே என்று நினைத்தாள். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடுங்கிப் போட்டிருப்பான், பொம்பளைப் புத்தி என்று சொல்லியிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தானா? ஆமாம், அதனால்தான், வேறு எதனால். நேற்று அந்தியில் தண்டோராக்காரன் சொல்லிக்கொண்டு போனதை அவளும் கேட்டாள். சிப்பாய்கள் அத்தனை பேரும் புளியங்கொத்து வைக்க வேண்டும் என்றுதான் சொன்னான், வேம்பைப் பற்றி மூச்சு விடவில்லை. எதிரி எதை வைப்பான் என்று எதிரியின் தண்டோரா அல்லவா சொல்லும். பாதையோரத்து மரத்தில் அவளும்தான் போய்ப் பறித்தாள், மடி கனக்கக் கனக்க, ஊரார் புருஷன்மார் தலைக்கெல்லாம். அப்போதே உள்ளங்கை கூசிற்று. புளியின் தளிர் விரலில் பட்டதும் நாலு மாதத்துக்கு முந்தைய அந்தத் தோப்பின் வாடை வந்துவிட்டது. புளியந்தோப்பில் இறங்கியது படை. மரத்தடியில் படுக்காதே, அது பேய் உறங்குகிற மரம், மூச்சை உறிஞ்சிவிடும் என்று அவள் எத்தனை தடவை சொன்னாள். வெயிலுக்கு வேறு எங்கே போவது என்றான். ஐந்தாம் நாள் மகள் பவளத்துக்கு உடம்பு கொதித்தது. ஏழாம் நாள் அம்மை முத்துப் போட்டது. இரண்டு வயதுப் பிள்ளை, உடம்பில் விரல் வைக்க இடமில்லை. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் கிடத்தினாள், வேப்பிலையால் விசிறினாள், வேப்பிலையைத் தலைமாட்டில் கட்டினாள், ஆத்தா ஆத்தா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டாள். பதினோராம் நாள் பிள்ளை அதே வேப்பிலைமேல் குளிர்ந்து போயிற்று. அப்படியானால் வேம்பு எதைக் காப்பாற்றிற்று? இதை அவள் முன்பு யோசித்ததே இல்லை. நாலு மாதமாகப் புளியையே திட்டிக்கொண்டிருந்தாள். கொன்றது புளியென்றால், காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தது வேம்பு. காப்பாற்றாத இலையை எடுத்து அவன் தலையில் ஏன் வைத்தாய் உண்ணாமலை?

முதல் பீரங்கி வெடித்தது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. வண்டி மாடுகள் காதை நிமிர்த்தின.

"ஆரம்பிச்சிட்டானுங்கடி," என்றாள் மீராம்மா, பக்கத்தில் உட்கார்ந்து துணி கிழித்தபடி. அவள் புருஷனும் அதே வரிசையில்தான் நிற்கிறான். ஆறு சண்டை பார்த்தவள். பீரங்கிச் சத்தத்தை மழைச் சத்தம் மாதிரிக் கேட்கிறவள். "நீ என்னாடி பாதியில வச்சிக்கிட்டு? அந்த வேட்டிக்கு மானம் போகுது பாரு. ஒண்ணு கிழி, இல்லாட்டி மடிச்சு வை."

"மீராக்கா, தப்பான கொத்து வச்சிக்கினு ஒருத்தன் போயிட்டா என்னா ஆகும்?"

"நம்ம கையாலயே சாவான். போன வருஷம் ஒரு ராவுத்தன் அப்பிடித்தான் போனான், வச்ச இலை விழுந்துட்டுது. கூட நின்னவனே குத்திப்புட்டு அப்புறம் மாரடிச்சிக்கிட்டான். ஏன் கேக்குற? உம்புருஷன் ஒழுங்கா வச்சிக்கினானா?"

"வச்சிக்கினாரு," என்றாள் உண்ணாமலை. வாய் தானாகச் சொல்லிற்று.

அவள் எழுந்தாள். எழுந்து நாலு அடி வைப்பதற்குள் காவல் நின்றவன் துப்பாக்கிக் கட்டையைக் குறுக்கே நீட்டினான். வண்டி வரிசையைத் தாண்டிப் பெண்கள் போகக் கூடாதாம். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு சீக்கிரமாகவா திரும்பி வருவார்கள்? ஒரு வார்த்தை மன்றாடவில்லை, காலில் விழவில்லை, கட்டையைத் தள்ளிவிட்டு ஓடவில்லை. சாவித்திரி என்ன செய்திருப்பாள் என்று தெரியாது, உண்ணாமலை திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூக்கன் திரும்பவும் வருவான். அவனிடம் சொல்லி அனுப்பலாம். தாண்டவராயன் தலையில் இருக்கிற வேம்பை எடுக்கச் சொல்லு அண்ணா. பத்துச் சொல்லுக்குள் முடிந்துவிடும். அவன் போய் வரிசையில் கத்துவான், மூக்கனுக்கு மெல்லப் பேச வராது. சுபேதார் காதில் விழும். எதிரியின் அடையாளத்தோடு நம் வரிசையில் ஒருவன் நிற்கிறான் என்றால் விடுவானா? போன மாசம் துரோகி என்று ஒருவனைப் பீரங்கி வாயில் கட்டினார்களே. எரிந்த துணித்துண்டு வண்டிகள்வரை பறந்து வந்து விழுந்தது. ஆக, சொன்னால் சாவான். சொல்லாவிட்டால் சுடப்பட்டுச் சாவான், சுடாமலும் விடலாம், புகையில் எவன் எவன் தலையைப் பார்க்கப் போகிறான். அவள் நியாயத்தைத் தராசில் வைத்து வைத்து எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லாத பக்கமே தாழ்ந்தது. தராசைப் பிடித்திருந்தவளும் அவளேதான்.

மூக்கன் வந்தான். மாட்டின் வயிறு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "பீரங்கிக்காரனுங்க குடிக்கல, பீரங்கிதான் குடிக்குது," என்று முனகிக்கொண்டே போனான். வண்டிக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம்.

"அண்ணா."

"என்னா?"

"சண்டை எங்க நடக்குது?"

"எங்கயா? அதோ புகை தெரியுதே, அதுக்கு அடியில," என்றான் மூக்கன், நிற்காமல்.

போய்விட்டான். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளே அவளைக் கேட்டாள். கேட்டதும், கேள்விக்கு அடியில் பாய்க்கு அடியில் கிடக்கிற தேள் மாதிரி அந்தப் பேச்சு கிடந்தது. மூன்று நாளைக்கு முந்தைய பேச்சு. பவளத்தின் கால்கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவன் பார்த்துவிட்டு, எத்தனை நாளைக்குடி இதையே பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்ப, போனது போச்சு, இன்னொண்ணு பெத்துக்கலாம் என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், அதுதான் பொறுக்கவில்லை. நீ செத்தா நானும் இன்னொண்ணு கட்டிக்கறேன் என்றாள். மீராம்மா கேட்டுவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்தப் பேச்சு அந்த அடியோடு தீர்ந்திருக்கும். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெளியே போனான். வாயில் வந்தது மனசில் இல்லாததா? மனசில் இல்லாதது எந்த வழியாக வாய்க்கு வரும்? வாய் சொன்னதைக் கை கேட்டுக்கொண்டிருந்திருக்குமோ? மூன்று நாள் காத்திருந்து, அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்த நேரம் பார்த்து, கை தன் வேலையைச் செய்துவிட்டு, காரணம் கேட்டபோது பேயைக் காட்டிவிட்டதோ? இல்லை. அவளுக்கு வேம்பு எதிரியின் அடையாளம் என்று தெரியவே தெரியாது. தெரியாமல் செய்தது பாவமில்லை. தெரிந்த பிறகு மூக்கன் வந்தானே, அது? அது தெரிந்த பிறகுதானே?

பீரங்கி இப்போது எண்ண முடியாதபடி வெடித்தது. துப்பாக்கிகள் சேர்ந்து வெடிக்கும்போது யாரோ பெரிய துணியைக் கிழிப்பது போலிருந்தது. மீராம்மாவும் இவளும் இங்கே கிழிக்கிற சின்னச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போயிற்று. கிழிக்கக் கிழிக்க அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. இரண்டு பேர் நான்தான் நவாபு, நான்தான் நவாபு என்கிறார்கள். ஒருவன் பின்னால் இங்கிலீஷ்காரனின் கும்பினி, இன்னொருவன் பின்னால் பிராஞ்சுக்காரனின் கும்பினி. ஒரு பக்கம் மராத்தியக் குதிரை, மறுபக்கம் மைசூர்க் குதிரை. போன வருஷம் அது இந்தப் பக்கமும் இது அந்தப் பக்கமும் நின்றது என்கிறார்கள். கடலுக்கு அப்பாலும் இதே கூத்துதானாம். எந்த ராஜா செத்தான், அவன் நாற்காலியில் எவன் பேரன் உட்காருவது என்று நாலு ராஜாக்கள் ஒரு பக்கம், நாலு ராஜாக்கள் ஒரு பக்கம் கூட்டுச் சேர்ந்து வருஷக்கணக்காய் வெட்டிக்கொள்கிறார்களாம். மொழி மாற்றிச் சொல்கிற துபாசி சொன்னான் என்று தாண்டவராயன்தான் ஒருநாள் சொன்னான், சொல்லிவிட்டு, அவங்க ஊர்ல எந்த இலையடி வச்சிக்குவாங்க என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்தால் மேல்பல் ஈறு தெரியும். அந்த ஈறு, இப்போது மண்ணில், வாய் திறந்து, ஈ. உண்ணாமலை கண்ணை இறுக மூடினாள். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. யார் சுட்டிருப்பான்? மீராம்மாவின் புருஷனாகக்கூட இருக்கலாம், பக்கத்தில்தான் நிற்கிறான். புகை விலகும், பச்சையைப் பார்ப்பான், நீட்டமான இலையா பொடி இலையா என்று பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். முகத்தைப் பார்த்தால் சண்டை போட முடியாது என்றுதானே இலை. விழுந்தபிறகு கத்துவான், ஐயோ தாண்டவராயா. இரண்டு பேர் தூக்கிவருவார்கள். இல்லை, தூக்கிவர மாட்டார்கள், எதிரி என்றே அங்கே விட்டுவிடுவார்கள். எதிரிகளின் குழியில் தள்ளுவார்கள். அவள் போய்க் கேட்கவும் முடியாது. வேம்பு வைத்தவன் உன் புருஷனா, அப்படியென்றால் நீ யார் என்பார்கள். ஆகவே அவள் கேட்காமல் போய்விடுவாள். எங்கே? சதுரங்கப்பட்டினத்தில் அக்கா இருக்கிறாள், சாயத்துணி அலசுகிற துறையில். அங்கே கைக்கு எப்போதும் வேலை உண்டு. மூன்று நாள் நடை. நடுவில் செங்கழுநீர் ஓடை ஒன்று வரும், அதில் குளிக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்று துணி அலசலாம், சிவப்பு நீளமாகப் பிரிந்து கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே. தம்பட்டம் கிடையாது. கூடாரம் பிரிக்கிற அவசரம் கிடையாது. ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு மழை பார்க்கலாம். தனக்கென்று ஒரு பாய், அதன் நடுவில் படுத்துக்கொள்ளலாம், ஓரத்தில் இல்லை, நடுவில். கொலுசை எத்தனை நாளானாலும் கையில் வைத்துக்கொண்டு உட்காரலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. அக்கா கேட்க மாட்டாள், அக்காவும் இரண்டைப் பறிகொடுத்தவள். காற்று உப்பாக இருக்கும். எவ்வளவு நேரம் அந்தத் துறையில் நின்றாளோ, திடுக்கிட்டு நிமிர்ந்தபோது மடியில் இருந்த துணி முழுதும் கிழிந்து முடிந்திருந்தது. அவள் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். சக்கரத்தில் கட்டிக் கிடந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தூரத்தில் வெற்றித் தம்பட்டம் கேட்டது. எந்தக் கட்சியின் தம்பட்டம் என்று மீராம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நம்மளுதுதான்," என்று துணியை உதறினாள். அப்புறம் புழுதி வந்தது. புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் டோலிகள், அவற்றில் வெள்ளைக்காரர்கள், ஒருவனுக்குத் தாடை இல்லை. அவற்றுக்குப் பின்னால் சிப்பாய்கள், கும்பல் கும்பலாக, ஏதோ சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மாதிரி, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். அந்தக் கும்பலில் தாண்டவராயன் நடந்து வந்தான். உயிரோடு. தலைப்பாகையில் புளியங்கொத்து இருந்தது.

அவளுக்குள் முதலில் எழுந்தது என்ன என்பதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். நெஞ்சு குளிர்ந்தது உண்மை, ஆத்தா என்று வாய் சொன்னதும் உண்மை; ஆனால் அதற்கும் முந்தி, ஒரு மூச்சு முந்தி, சதுரங்கப்பட்டினத்துத் துறையில் தண்ணீர் வடிந்துபோயிற்று. அந்தப் பாயை யாரோ சுருட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஆத்தா.

"என்னாய்யா, போனமாதிரியே வந்துட்டீங்க எல்லாரும்?" என்றாள் மீராம்மா. "சண்டைக்குப் போனீங்களா, கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"நின்னுக்கிட்டேதான் இருந்தோம்," என்றான் தாண்டவராயன். "வெள்ளக்காரனும் வெள்ளக்காரனும் அடிச்சிக்கிட்டானுங்க. ஓடினவனும் வெள்ளக்காரன், தொரத்தினவனும் வெள்ளக்காரன். எங்க துப்பாக்கியில போட்ட மருந்து அப்பிடியே கெடக்குது." மீராம்மா தன் புருஷனைத் தேடிக்கொண்டு போகும்வரை அவன் துப்பாக்கியை வண்டியில் சாத்துவதிலேயே நேரம் போக்கினான். பிறகு உட்கார்ந்தான். உட்காரும்போது முதுகு வளையாமல் நின்றதை அவள் கவனித்தாள். சட்டைக்கு மேலே கழுத்தோரம் ஒரு பிரம்புத் தடிப்பு சிவந்து ஏறியிருந்தது.

"நிக்க வச்சித் தல தலயாப் பாத்துக்கினே வந்தாரு அவில்தாரு," என்றான் மெதுவாக. "எங்கிட்ட வந்து நின்னுட்டாரு. நீ எந்தப் பக்கம்டா மாப்ளன்னாரு. எல்லாரும் சிரிச்சானுங்க. யாரு வச்சதுன்னு கேட்டாரு. நானேதான் வச்சேன், இருட்டுல தெரியலன்னு சொன்னேன்."

"மாமா, புளி ஆகாதுன்னு... பாப்பாவுக்கு அந்தத் தோப்புல..."

"ம்."

"பேய் பிடிக்கிற மரமாச்சேன்னு. எதிராளி வேம்பு வைப்பான்னு எனக்குத் தெரியாது. ஆத்தா மேல சத்தியமா."

"தெரியாதுதான்," என்றான். அவளை நம்பினான் என்றே தோன்றியது. ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. "அப்புறம் மூக்கன் தண்ணி கொண்டாந்தான் எங்களுக்கு. உம்பொண்டாட்டி கேட்டா, வேம்பு என்னான்னு சொல்லிட்டு வந்தேன்னான். சரி, அடுத்த நடைக்கு நீ ஏதாச்சும் சொல்லி அனுப்புவன்னு நெனச்சேன். அடுத்த நடையும் வந்தான்." பாகையைக் கழற்றி மடியில் வைத்தான். "சண்டை எங்க நடக்குதுன்னு கேட்டியாம்."

அவள் வாயைத் திறந்தாள். சுபேதார், பீரங்கி வாய், மூக்கனுக்கு மெல்லப் பேச வராது. எல்லாம் வரிசையாக நின்றன, எல்லாம் உண்மை. ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன் வைத்திருக்கலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவளும் உண்மை. அவளை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

"தாகமா இருக்குது," என்றான்.

அவள் எழுந்து பானையைச் சாய்த்துச் செம்பில் நிறைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. செம்புக்குள்ளே பார்த்தான். தெளிந்த தண்ணீர், அடியில் செம்பின் தழும்பு தெரிந்தது.

"மொதல்ல நீ குடி."

குரலில் கோபம் இல்லை. புதரில் கால் வைக்குமுன் கழியால் தட்டிப் பார்க்கிறவனின் நிதானம் இருந்தது. இனி எந்நாளும் அந்தக் கழி அவன் கையில் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. சோற்றுக்கு முன்னால், தூக்கத்துக்கு முன்னால், அவள் நீட்டுகிற எதற்கும் முன்னால். அவள் அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் இறங்குவதை அவன் அவளுடைய தொண்டையில் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செம்பைக் கீழே வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தான். பிறகு கையை நீட்டினான்.